ஆறாவது அட்டை

நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டால் கூட்டம் குறைவாக இருப்பது சட்டென்று தெரியாது. வரிசையாகப் போட்டால் பின்வரிசைகள் காலியாகக் கிடந்து, பேச வந்தவரின் மானத்தை வாங்கிவிடும். எங்கள் வட்டார வரலாற்றுக் கழகத்தின் மாதச் சொற்பொழிவுகளுக்கு நாற்காலி போடுவது நான்தான். மைக்கைச் சோதிப்பது, மின்விசிறிக்கு எண்ணெய் விடுவது, தேநீர் கலந்து வைப்பது எல்லாம் என் பொறுப்பு. செயலாளர் என்று பெயர். சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது என்று சொன்னால் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். ஆகவே அதை எழுத வேண்டாம்.

விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். வந்துகொண்டுதான் இருக்கிறேன். நான் ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் பிழை திருத்தியவன். எதையும் நடுவிலிருந்து ஆரம்பித்துப் பழக்கமில்லை.

ஆற்றின் மேல் பாலம் வருவதற்கு முன்னால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் லாஞ்ச் ஓடியது. எனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது ஒரு நாள் அது கவிழ்ந்தது. செத்தவர்களில் ஒருத்தி என் அம்மா. பிழைத்தவர்களில் ஒருவன் என் அண்ணன். நான் அன்று காய்ச்சலோடு வீட்டில் சித்தியிடம் இருந்தேன். பிறகு என்னை வளர்த்ததும் சித்திதான்.

பாலம் வந்தபின் பாழாய்க் கிடந்த படகுத்துறையைக் கழகத்துக்கு வாங்கித் தந்தவன் நான். எத்தனை அலுவலகப் படிகள் ஏறியிறங்கினேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் இன்றைக்கு முடியாது. டிக்கெட் கொடுத்த அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, லாஞ்ச் விபத்தைப் பற்றி ஒரு நிரந்தரக் கண்காட்சி வைத்தேன். சுவரில் விளக்க அட்டைகள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள், அந்த லாஞ்சிலேயே தொங்கிய பழைய மிதவை வளையம். வெளியே ஆற்றுக்குள் நீண்டிருக்கும் மரமேடையும் எங்கள் பொறுப்புதான். பழையதைப் பழையபடியே வைத்திருப்பது கழகத்தின் கொள்கை. முட்டுக் கொடுப்போம், மரம் மாற்ற மாட்டோம்.

ஆறாவது அட்டை அம்மாவைப் பற்றியது. மனப்பாடமாகச் சொல்கிறேன்: ‘நடு ஆற்றில் லாஞ்ச் சாய்ந்தபோது ஒரு தாய் தன் எட்டு வயது மகனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மீட்க வந்தவர்கள் அவனைக் கையில் வாங்கிய பிறகுதான் அவள் தண்ணீருக்குள் போனாள்.’ சித்தி எனக்குச் சொன்னது அது. அந்தக் காலத்துச் செய்தித்தாள் ஒன்றும் ஏறக்குறைய அப்படியே எழுதியிருந்தது. ஆக, இரண்டு ஆதாரம். பள்ளிப் பிள்ளைகள் மற்ற அட்டைகளுக்கு முன்னால் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆறாவதுக்கு வந்ததும் அடங்கிவிடுவார்கள். சில ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு நிறைவாக இருக்கும். மறைக்க என்ன இருக்கிறது, பெருமையாகவே இருக்கும்.

இன்னொன்றையும் நான்தான் கொண்டுவந்தேன். கண்காட்சிக்கு வருகிறவர் யாராவது ‘இது தப்பு’ என்று சொன்னால், அவர் அந்தச் சம்பவத்தை நேரில் பார்த்தவராக இருந்தால், அந்த அட்டையின் குறுக்கே மஞ்சள் பட்டை ஒன்றை ஒட்ட வேண்டும். ‘நேரில் கண்டவரால் மறுக்கப்பட்டது’ என்று அதில் அச்சிட்டிருக்கும். மறுப்பு தீரும்வரை அகற்றக் கூடாது. நேர்மையான விதி. வேறு எந்தக் கழகத்திலும் இல்லாதது. கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது. அப்போது நேரில் கண்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள், என் அண்ணன் ஒருவனைத் தவிர. அவன் வெளியூரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். விபத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் “விடுறா” என்பான். நானும் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

அண்ணி இறந்தபின் அவன் மகளோடு இருக்க இந்த ஊருக்கே வந்தான். அவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். வீட்டில் பொழுது போகாமல் நச்சரித்திருப்பான்போல. “சித்தப்பா, அப்பாவையும் உங்க கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்களேன், புண்ணியமாப் போகும்” என்றாள். அழைத்துப் போனேன். லாஞ்ச் விபத்தைப் பற்றி நானே பேசிய கூட்டம் அது. பேசி முடித்து, “கேள்வி இருந்தால் கேட்கலாம்” என்றேன். வழக்கமாக ஒருவரும் கேட்க மாட்டார்கள். தேநீர் ஆறிவிடுமே என்ற கவலை அவர்களுக்கு. அன்று ஒரு கை எழுந்தது.

“அன்னிக்கு மழையே இல்லப்பா. வெயில் கண்ணைக் கூசிச்சு” என்றான் அண்ணன்.

எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். ஊரில் பாதிப் பேருடைய வாயை அவருக்குத் தெரியும். வரலாறு அவ்வளவாகத் தெரியாது. அவருக்குக் குஷி தாங்கவில்லை. “நேர்ல பாத்தவரை வீட்டுக்குள்ளயே வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க” என்று எல்லோர் முன்னாலும் என்னைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். மறுநாளே, கொட்டும் மழை என்று எழுதியிருந்த முதல் அட்டையில் மஞ்சள் பட்டை ஒட்டினேன். விதி என்றால் விதிதான்.

அதன் பிறகு மாதாமாதம் வந்தான். எந்தத் தலைப்பாக இருந்தாலும் கடைசியில் பேச்சு லாஞ்சில் வந்து நிற்கும். கூட்டம் அதிகமில்லை என்றான். இரண்டாவது அட்டையில் பட்டை. ஓட்டியவன் குடித்திருக்கவில்லை, பாவம், நல்ல மனுஷன் என்றான், மூன்றாவதில் பட்டை. லாஞ்ச் பச்சை நிறம் என்றான். அடுத்த மாதம் நீலம் என்றான். நான் விடவில்லை. போன மாதம் பச்சை என்றாயே என்று மைக்கிலேயே கேட்டேன்.

“ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலமா இருந்திருக்கும்டா” என்றான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் பேசி அந்தக் கூட்டம் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. நாற்காலிகள் பற்றாமல் போக ஆரம்பித்தன. அரைவட்டம் போடும் அவசியமே இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் அவனைச் சுற்றி நின்றுகொள்வார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். ‘நீங்களும் அந்த அம்மாவோட மகன்தானா’ என்று ஒரு அம்மாள் என்னைக் கேட்டாள். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். எரிச்சல் என்று எழுதுங்கள். எத்தனை வருடத்து வேலை, சுவர் முழுக்க மஞ்சள் மஞ்சளாய் நின்றது. மருந்துக் கட்டுப் போட்ட ஆள்போல இருந்தது அந்த அறை.

தலைவரிடம் போய் முறையிட்டேன். “ஐயா, அவனுக்கு அப்ப எட்டு வயசு. சின்னப் பிள்ளை பாத்ததை எப்படி நம்புறது?”

“உங்களுக்கு ஒன்றரை வயசு” என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அவரிடம் கரடியாகக் கத்தினாலும் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் ஆறாவது அட்டையை அண்ணன் தொடவில்லை. அதற்கு முன்னால் வரும்போது சுவரில் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டே கடந்துவிடுவான். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். இது முக்கியம், எழுதிக்கொள்ளுங்கள். பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நினைவு நாள் நெருங்கியபோது ஒரு மாலை வீட்டுக்கு வந்தான். நான் தனியாள். சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ஆறாவது அட்டையை எடுத்துடுறா.”

“அதுக்கு நீ மறுப்பே சொல்லலையே.”

“சொல்லல. சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான் இத்தனை வருஷமா வாயைத் தொறக்கல.” தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். “லாஞ்ச் நடு ஆத்துல எல்லாம் கவுரலடா. கெளம்பின எடத்துலயே, மேடை முனையிலயே சாஞ்சுது. அம்மா என்னை இழுத்துக்கிட்டு மேல தாவிட்டா. ரெண்டு பேரும் மேடையில நின்னுட்டோம். நனையக்கூட இல்ல.”

நான் வடிகட்டியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

“உனக்கு ஒரு செருப்பு வாங்கியிருந்தா. செவப்பு, வார் வச்சது. நீ அப்பதான் தட்டுத் தடுமாறி நடக்க ஆரம்பிச்சிருந்த. அது இருந்த பை லாஞ்சுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. ‘ஐயோ, தம்பி செருப்பு’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. என் கையை விட்டுட்டு எறங்கிட்டா.”

சாட்சி ஒன்றுதானே என்றேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அம்மா என்னைத் தூக்கிப் பிடிச்சான்னு நீ எழுதி வச்சிருக்க. பசங்க என்னைப் பாத்து அழுவுதுங்க. எனக்குக் கூசுதுடா. அவ கடைசியா நெனச்சது உன்னைத்தான். இதை நீ தெரிஞ்சுக்காம நான் கண்ணை மூடிடக் கூடாது. நினைவு நாள் அன்னிக்கு அந்த முனையில நின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்.” எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான்.

தேநீரில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றான்.

அன்று நான் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஆத்திரப்படவும் இல்லை. யோசித்தேன். ஓர் ஆள், எட்டு வயதில் பார்த்தது, பச்சையா நீலமா என்றே நிலையில்லாதவன். அவன் வாய்வார்த்தைக்காக, பிள்ளைகள் மூச்சடக்கி நிற்கிற ஓர் அட்டையின் குறுக்கே மஞ்சள் பட்டை ஒட்ட வேண்டும். அதையும் என் கையால் ஒட்ட வேண்டும். விதியைத் திருத்தலாமே என்பீர்கள். ஒரு குறிப்பிட்ட மறுப்பைத் தவிர்ப்பதற்காக விதியைத் திருத்துவது நேர்மை இல்லை. நேரில் கண்டவர் இல்லாமல் போவதுதான் விதிக்கு உட்பட்ட வழி.

மேடைக்கு முட்டுக் கொடுக்கும் தச்சர் உங்களிடம் சொன்னது முழுக்கச் சரி. மழைக்காலம் முடிந்ததும் என்னிடம் தனியாக வந்து சொன்னார். “முனையில இருக்கிற மரம் எல்லாம் உளுத்துப்போச்சுங்க. மேல பாத்தா நல்லாத்தான் தெரியும். ஒரு ஆள் ஏறி நின்னாலே தாங்காது. கயித்தை மட்டும் அவுத்துடாதீங்க.” நான் சரி என்றேன். மேடையின் பாதியிலேயே ஒரு கயிறும், ‘இதற்கு மேல் செல்ல வேண்டாம்’ என்ற அறிவிப்பும் எப்போதும் இருக்கும். அந்த அறிவிப்பை எழுதியதும் நான்தான்.

கமிட்டியில் எழுந்து, அண்ணன் சொல்வதே சரியென்று எனக்கும் படுகிறது என்றேன். விபத்து நடு ஆற்றில் நடக்கவில்லை, மேடை முனையில்தான் நடந்தது. கண்காட்சியில் அந்த இடத்தை நாம் குறிக்க வேண்டும். நினைவு நாளில் அண்ணனே அங்கே நின்று பேசட்டும் என்றேன். இத்தனை மறுப்புகளில் நான் ஒப்புக்கொண்ட திருத்தம் அது ஒன்றுதான். தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “பெரிய மனசுங்க உங்களுக்கு” என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

பழைய அறிவிப்பைக் கழற்றி உள்ளே வைத்தேன். ‘விபத்து நிகழ்ந்த இடம்’ என்று புதிதாக ஒன்று எழுதி முனையில் வைத்தேன். நடந்துபோய் வைக்கவில்லை. நீளக் கழி ஒன்றால் மெல்லத் தள்ளித் தள்ளி வைத்தேன். கயிற்றைக் கொஞ்சம் நகர்த்தி, பேசுகிறவர் மட்டும் நுழைய வழிவிட்டுக் கட்டினேன். மற்றவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உறுதியான இடத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

நினைவு நாள் காலையில் நல்ல வெயில். அண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். மகளும் வந்திருந்தாள், வழுக்கும் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு. கயிறு வரைக்கும் வந்ததும் அவன் கையை விடுவித்துக்கொண்டு, “நீ நில்லும்மா” என்றான். என்னைப் பார்த்தான். தைரியம் சொல்கிற மாதிரி தலையை ஆட்டினான். எனக்குத் தைரியம் சொன்னான், புரிகிறதா. பிறகு முனைக்கு நடந்தான். திரும்பி எங்களைப் பார்த்து நின்று, “இங்கதான் எங்கம்மா” என்று ஆரம்பித்தான்.

மரம் பெரிய சத்தம் ஒன்றும் போடவில்லை.

ஆறு அங்கே ஆழம். அந்த விபத்துக்குப் பிறகு அவன் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை, நீச்சல் தெரியாது. கூட்டத்திலும் நீந்தத் தெரிந்தவர் யாருமில்லை. வரலாற்றுக் கூட்டத்துக்கு வருகிறவர்களின் வயது அப்படி. படகு கொண்டுவர இரண்டு பேர் கரையோரமாக ஓடினார்கள். அவன் ஒரு தூணை எட்டிப் பிடித்தான், வழுக்கியது, மறுபடி பிடித்தான். தலைவர் மிதவை வளையம், மிதவை வளையம் என்று அலறினார். படகுத்துறையில் இருந்த ஒரே மிதவை வளையம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

“ஒடைங்கய்யா கண்ணாடியை” என்றார் அவர்.

“ஒடைக்காதீங்க, சாவி எங்கிட்ட இருக்கு” என்றேன்.

சாவி சட்டைப் பையில் இருந்தது தெரியும். முதலில் கால்சட்டைப் பையில் தேடினேன், பிறகு தோள்பையில், பிறகு மேசை இழுப்பறையில். அப்புறம் எடுத்துத் திறந்தேன். காட்சிப் பொருளை வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வை பட்டால் துணியுறை கெட்டுவிடும். கையுறைகள் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும். இரண்டையும் போட்டுக்கொண்டேன். வளையத்தை இரு கையாலும் தாங்கி வெளியே கொண்டு வந்தபோது அண்ணன் மகள் கத்துவதை நிறுத்தியிருந்தாள். தூணருகே யாரும் இல்லை. ஆகவே அதைப் போட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருக்கலாம். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நேற்றைய செய்தித்தாளைப் பார்த்தீர்களா? ‘வரலாற்றுக் கழகத்தின் அலட்சியத்தால் முதியவர் பலி.’ அலட்சியமாம். அந்த மேடையின் ஒவ்வொரு மரமும் எனக்குத் தெரியும். எது தாங்கும், எது தாங்காது என்று தெரியும். நாளைக்கு இதையும் ஒருவர் எடுத்து அட்டையில் எழுதி மாட்டுவார், பிள்ளைகள் படிப்பார்கள். அங்கே எந்த அலட்சியமும் நடக்கவில்லை. நான் செய்தேன். கவனமாகச் செய்தேன். அதைத் திருத்தத்தான் காலையிலேயே வந்து உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஆள் என்னைச் சைக்கிள் தொலைத்தவர்கள் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

அடக்கம் முடிந்த அன்று அண்ணன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சித்தப்பா, அப்பா உங்ககிட்ட என்னமோ சொல்லணும், சொல்லணும்னு கெடந்து தவிச்சாரு. சொன்னாரா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான். சரிபார்க்கப்படாத ஒரு தகவலைப் பரப்புவதில் எனக்கு விருப்பமில்லை.

அந்தச் செருப்புக்காகத்தானே இதைச் செய்தேன் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். இல்லை. கழகத்தின் நம்பகத்தன்மைக்காகச் செய்தேன். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கரையேறிவிட்டாள், பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளை நிற்கிறான், மேலே ஈரம்கூட இல்லை. நடக்கவே தெரியாத ஒரு குழந்தையின் செருப்புக்காக ஒருத்தி திரும்பத் தண்ணீரில் இறங்குவாளா? எங்கள் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. என் அளவுக்கு அவளைத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை.